ஒன்பது பிரதியிலும் சாகாதவள்

நான் அதை நம்பலை மேடம். முப்பது வருஷமா நம்பலை. உங்க டிபார்ட்மென்ட்ல யார் சொன்னாங்களோ தெரியாது, அவங்களுக்கு வேற யாராவது சொல்லியிருப்பாங்க. மேல மேல போனீங்கன்னா கடைசியில வந்து நிக்கிறது எங்க வீட்டு வாசல்ல. என் தம்பிகிட்ட. அந்த முழு மார்க் கதையைப் பரப்பினதே அவன்தான்.

அது கிடக்கட்டும். வந்ததும் வராததுமா, "பக்கத்தை எண்ணிப் பார்த்துப் போடுங்க"ன்னு சொன்னீங்க பாருங்க… அதுதான் சுருக்குன்னுச்சு. கல்லூரி வாசல்ல ஜெராக்ஸ் கடை போட்டவன்கிட்ட சொல்ற பேச்சா இது? எத்தனை ஆய்வேடு, எத்தனை விடுப்புக் கடிதம், எத்தனை கல்யாணப் பத்திரிகை இந்தக் கண்ணாடி மேல படுத்து எந்திரிச்சிருக்கு! ஒரு தாள் குறைஞ்சதுண்டா? சரி… ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதையே பிடிச்சுக்கிட்டா எப்படி?

உக்காருங்க. அய்யோ, அந்த ஸ்டூல் வேண்டாம், ஆளைக் கவுத்துடும். இப்படிக் காகிதக் கட்டு மேல உக்காருங்க. மெஷின் சூடாகணும். இது கண்ணு முழிக்கிறதுக்குள்ள நான் சொல்லியே முடிச்சிடுவேன்.

நீங்க கொண்டு வந்திருக்கிற இதே நாடகம்தான் மேடம். அப்போ இருந்த பேராசிரியருக்கு 'மனப்பாடம்'னு பேர். நாங்க வச்சது, அவங்க அம்மா வச்சதில்ல. புத்தகத்தைத் திறக்கவே மாட்டார், கண்ணை மூடுவார், வரிவரியா கொட்டும். உயர்நிலை இலக்கிய வகுப்பு அவரோடது. ஒன்பதே பேர். வருஷத்துக்கு ஒரு துன்பியல் நாடகம், நாலு நாவல். நாவல் நாலும் கடையில கிடைச்சுது. நாடகம் கிடைக்கலை. அவர்கிட்ட இருந்தது ஒரே பிரதி. தையல் விட்டு, தாள் தாளா உதிர்ந்து, நூல் போட்டுக் கட்டினது. "ஒன்பது செட்"னு இந்த மேசையில வச்சுட்டுப் போனார்.

அந்த ஒன்பதுல என் தம்பி ஒருத்தன். எங்க வீட்டுல பத்தாவதைத் தாண்டினவன் அவன் மட்டும்தான். நான் மெஷினைக் கட்டிக்கிட்டேன், அவன் புத்தகத்தைக் கட்டிக்கிட்டான். அந்த வகுப்புல தேறினாத்தான் மேற்படிப்புக்கு இடம். தேறலைன்னா நேரா இங்க வந்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டியதுதான். ஸ்டேப்ளர் அடிக்கிறதுல அவன் எவ்வளவு கெட்டிக்காரன்னா, ஒருநாள் தன் சட்டையையே சேர்த்து அடிச்சுட்டான். அதனால அவன் தேறணும்ங்கிறதுல அவனைவிட எனக்கு அக்கறை!

நாடகம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்றேன், நான் சொன்னா வேற மாதிரி இருக்கும். ராஜா ஒரு சத்தியம் பண்றான், தன்னைக் கேக்காம மதகைத் திறந்தவன் உயிரோட இருக்கக் கூடாதுன்னு. வெள்ளம் வருது. கீழ இருக்கிற ஜனங்க முழுகிப் போகாம இருக்க, ஒரு கை மதகைத் திறந்துடுது. யார் கை? பெத்த மக கை! சபை முன்னாடி தண்டனை சொல்லிட்டான், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியலை. நாலாவது அங்கம் முடியறப்போ மனசு உடைஞ்சு, மன்னிச்சேன்னு எழுதிக் குதிரைக்காரன்கிட்டக் கொடுத்தனுப்பறான். அஞ்சாவது அங்கத்துல… ஆமா, குதிரை நேரத்துக்கு வராது. அது உங்களுக்குத் தெரியும். அந்த ஒன்பது பேருக்குத் தெரியாது. ஏன்னா ஒன்பது செட்டுலயும் குதிரை கிளம்பறதோட நாடகம் முடிஞ்சு போச்சு.

கேளுங்க, இனிமேதான் வேடிக்கை. வகுப்புல 'மனப்பாடம்' கண்ணை மூடிக்கிட்டு, "அவள் இறந்த பிறகு அரசன்…"னு ஆரம்பிக்கிறார். பசங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறாங்க. நானா இருந்தா, "சார், எப்போ சார் செத்தா?"ன்னு கேட்டிருப்பேன். இவங்க கேப்பாங்களா? இலக்கியம் படிக்கிறவங்களாச்சே! அதுக்கு முந்தின மாசம்தான் நாவல்ல மழை பெஞ்சா அது மழை இல்ல, ஜன்னல் மூடியிருந்தா அது ஜன்னல் இல்லன்னு அவர் சொல்லிக் கொடுத்திருக்கார். அதனால சாவுன்னா சாவு இல்லன்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க. உள்ளுக்குள்ள செத்துட்டாளாம்! எட்டு நோட்டுலயும் 'அகமரணம்'னு எழுதி அடிக்கோடு. ஒரு பொண்ணு சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருந்துச்சு. சிரிக்காதீங்க மேடம், நீங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பீங்க.

பரீட்சை வந்துச்சு. "மகளின் மரணத்துக்கு யார் பொறுப்பு?" எட்டுப் பேரும் அகமரணத்தைப் பக்கம் பக்கமா எழுதித் தள்ளிட்டாங்க. தம்பி மட்டும் வேற எழுதினான். குதிரை போய்ச் சேர்ந்துடுச்சு, மக பிழைச்சுட்டா. "செத்திருந்தா ஒருநாள் அழுதுட்டுப் போயிருப்பான். கொல்லச் சொன்ன மக தினமும் காலையில எதிர்ல வந்து நிக்கிறாளே, அதைப் பாக்கணுமே, அதுதான் தண்டனை. அதனாலதான் இது துன்பியல்." இப்படிப் பதினோரு பக்கம்.

இதுக்கு மேல தம்பி சொல்ற கதை. பேராசிரியர் முதல் எட்டுத் தாளைப் படிச்சுட்டுத் தலையில கைய வச்சுக்கிட்டாராம். ஒன்பதாவது இவனோடது. படிச்சார், எந்திரிச்சுப் போய் அந்த நூல்கட்டைப் பிரிச்சுப் பார்த்தார், கடைசி அங்கத்தைக் காணோம், திரும்ப வந்து உக்காந்தார். மறுநாள் வகுப்புல, "நாப்பது வருஷமா இந்தப் பொண்ணை நான் சாகடிச்சுக்கிட்டே இருந்தேன், இன்னிக்குத்தான் ஒருத்தன் குதிரையை ஓட்டிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கான்"னு சொல்லி முழு மார்க்கும் போட்டாராம். இவனுக்குப் போட்டா மத்தவங்களை எப்படித் தோக்கடிக்கிறது? ஒன்பது பேரும் பாஸ். கடைப் பக்கம் வந்து அவர் ஒரு வார்த்தை கேக்கலை.

அழகா இருக்கு இல்ல? அழகா இருக்கிறதாலதான் எனக்குச் சந்தேகம்.

என் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் மேடம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பான். துப்பறியும் கதையை நான் பாதி படிச்சுக்கிட்டிருப்பேன், பின்னாடி வந்து, "அண்ணே, கொலைகாரன் டாக்டர்"ம்பான். அடிக்கலாம்னு வரும். இப்படிப்பட்டவன், அந்த நூல்கட்டு, பிரதி எடுக்கறதுக்கு முந்தின சாயங்காலம் பூரா இந்த மேசையில கிடந்தப்போ, நான் மை வாங்கப் போய் இவன் தனியா கடையில இருந்தப்போ, கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பானா?

தெரிஞ்சிருந்தா ஏன் வகுப்புல சொல்லலை? அதைத்தான் நானும் வருஷக்கணக்கா மண்டையில போட்டு உருட்டறேன்… மெஷின் விளக்கு பச்சையாயிடுச்சு, இருக்கட்டும், அது காத்துக்கிட்டிருக்கும்.

அந்தக் கடைசி அங்கம் மெஷின்ல சிக்கலை மேடம். காத்துல பறக்கலை. நான்தான்.

நான் எதைப் பிரதி எடுத்தாலும் படிக்க மாட்டேன். படிச்சா வேலை ஓடாது. ஆனா இது கண்ணுல மாட்டிக்கிச்சு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சம் இருந்த பதினாலு தாளையும் பக்கத்துல வச்சுக்கிட்டேன். அவ கழுத்துல கயிறை வச்சுக்கிட்டு, "அப்பா கோபம் தணிஞ்சுதா?"ன்னு காவக்காரனைக் கேக்கறா. அவ்வளவுதான்… சோறு இறங்கலை. டப்பாவை மூடி, தாளையெல்லாம் காகிதக் கட்டுக்கு அடியில தள்ளிட்டு மூஞ்சி கழுவப் போயிட்டேன். அப்புறம் கூட்டம் வந்துடுச்சு. அப்புறம் மறந்துட்டேன். மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா… அது எனக்கே இன்னும் பிடிபடலை. மூணாம் நாள் கையில அகப்பட்டப்போ ஒன்பது செட்டும் போயாச்சு, கட்டும் அவர் வீட்டுக்குப் போயாச்சு. சொன்னா கல்லூரி வேலை மொத்தமும் கையை விட்டுப் போயிடும். இன்னிக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு… நாள்தான் போச்சு.

அவ செத்தது தனக்குத் தெரியும்னு அவன் சொல்லியிருந்தா, மிச்சத் தாள் எங்கேங்கிற கேள்வி என்கிட்டதான் வந்து நின்னிருக்கும். அவனும் மூச்சு விடலை, நானும் மூச்சு விடலை.

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்திருந்தான். என் மருமக, "சின்ன மாமா, அந்த முழு மார்க் கதை"ன்னு எடுத்துக் கொடுத்துடுச்சு. கேக்கணுமா! எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டறான். பேராசிரியரோட நாப்பது வருஷம் இப்போ அம்பது ஆயிடுச்சு. எல்லாரும் கை தட்டிட்டுக் கை கழுவப் போனாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் எச்சில் தட்டுக்கு முன்னாடி. அந்தப் பதினாலு தாளை முதல்முதலா அவன்கிட்டச் சொன்னேன். "அப்படியா அண்ணே?"ன்னுகூடக் கேக்கலை. தட்டுல விரலால கோடு போட்டுக்கிட்டே இருந்தான்.

அப்போ கேட்டேன் மேடம். முப்பது வருஷமா கேக்காததைக் கேட்டேன்.

"டேய்… அன்னிக்கு அந்தப் பதினோரு பக்கத்துல நீ காப்பாத்தினது அந்தப் பொண்ணையா, என்னையா?"