எனக்கு மட்டும் வராத சட்டம்

மொதல்ல இதை எழுதிக்கோம்மா. எனக்குத் துரோகம் பண்ணது எங்கண்ணன். சட்டமெல்லாம் அப்புறம். உங்க வக்கீல் படிப்புப் புத்தகத்துல என் கேஸு இருக்கு, அவன் பேச்சே இல்லையா? இருக்காது. அதான் நேர்ல வந்துட்டியே, நான் சொல்றதை எழுது.

சத்தமா? உள்ளதான். கெடக்கு, விடு.

அந்நியன் போய் நாடு நம்ம கைக்கு வந்த புதுசு. கோர்ட்டு கட்டக் காசில்ல. பழைய சினிமாக் கொட்டகையில, திரைக்கு முன்னாடி மேசையைப் போட்டு ஜட்ஜு உக்காருவாரு. நாங்க தரை டிக்கெட்டுல.

அப்பா போனதும் வீட்டுல பங்கு கேட்டேன். எங்கம்மா ரெண்டாந்தாரம், கல்யாணத்தைப் பதியல. அண்ணன் கூண்டுல ஏறி, இவன் யாருன்னே தெரியாதுன்னான். ஒரே தட்டுல தின்னு வளர்ந்தவன்ம்மா! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கொட்டகையாச்சே, நடிக்கிறான்னு நெனச்சேன்.

ஜட்ஜு நல்ல மனுஷன். பதியாத கல்யாணத்துப் பிள்ளைக்குப் பங்கில்லைங்கிறது பழையவங்க போட்ட சட்டம், அநியாயம்தான், ஆனா புதுசு வர்ற வரைக்கும் நான் இதைத்தான் பாக்கணும்னாரு. மாத்தணும்னு தீர்ப்புலயே எழுதினாரு. மாத்தவும் மாத்தினாங்க, என் தலை நரைச்சப்புறம். பதியாத கல்யாணத்துப் பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு. ஓடினேன். இப்ப பெரிய கட்டடம், வழுக்குற தரை. முடிஞ்ச கேஸு முடிஞ்சதுதான் பெரியவரே, இது இனிமே வர்றவங்களுக்குன்னுட்டாங்க. என் கேஸால வந்த சட்டம், எனக்கில்ல!

வீடா? அதை அவன் பசங்க வித்துத் தின்னாச்சு. வீடு யாருக்கு வேணும்? கூண்டுல சொன்ன அதே வாயால, இவன் என் தம்பின்னு அவன் சொல்லணும். அவ்வளவுதான்.

பாத்தியா, மறுபடி தட்டுறான். இரும்மா, கஞ்சி ஊட்டிட்டு வந்துடறேன்.

யாருன்னா கேக்குற? அவன்தான். பக்கவாதம். பசங்க ஆஸ்பத்திரியில போட்டுட்டுப் போயிட்டானுங்க. கூட்டிட்டு வரப்போனேன், என்ன உறவுன்னு கேட்டாங்க. தம்பின்னேன். ஒருத்தரும் அத்தாட்சி கேக்கல, தெரியுமா?

பாசமா? நல்லாக் கேட்ட போ! அவன் செத்துட்டா அப்புறம் எவன் சொல்லுவான்? கவனிச்சுக்கிட்டா பேச்சு வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தினம் ஒவ்வொரு வாய்க்கும் கேக்குறேன், நான் யாரு, சொல்லுன்னு.

கஞ்சியை நல்லாத்தான் முழுங்குறான்.