படத்தில் இல்லாத வரி

கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் எனக்குப் பிடிக்காது, ஐயா. அவ்வளவுதான் என் குறை. மற்றபடி அலுவலகத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை.

எங்களிடம் யாரும் மென்பொருளை வரிவரியாக எழுதுவதில்லை. நான் திரையில் படம் வரைவேன். நோயாளி ஒரு பெட்டி, மருந்து ஒரு பெட்டி, நடுவே ஒரு கோடு. பொத்தானை அழுத்தினால் படத்தைப் பார்த்து இயந்திரமே மென்பொருளை எழுதிவிடும். அது எழுதியதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது விதி. வைத்தால், அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது அழிந்துவிடும். படத்தில் இல்லாதது மென்பொருளிலும் இருக்காது.

அந்த மருத்துவமனைக்கான படத்தைப் பார்த்துப் பார்த்து இழைத்தேன். அதில் ஓர் ஓட்டையை, நாங்கள் தாடி என்று கூப்பிடுபவன் கண்டுபிடித்தான். பக்கத்து மேசைக்காரன், மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. குழந்தையின் எடையைப் பதியாமல் விட்டால் பெரியவர்களுக்கான மருந்தளவைத் திரை காட்டுகிறது, எடை இல்லையென்றால் அளவைக் காட்டக்கூடாது என்று படத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள் என்றான். சேர்த்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பிறகு பார்க்கலாம் என்றேன். அவன் பொறுக்கவில்லை. இயந்திரம் எழுதியதற்குள் புகுந்து கையால் ஒரு வரி சேர்த்துவிட்டான்.

அன்று சாப்பாட்டு அறையில், "அக்காவுக்குக் கோடு கோணினா சோறு இறங்காது. படம் சும்மா பார்க்கத்தான். ஆளைக் காப்பாத்தறது என் வரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் கிளம்பும்போது என்னிடம் வந்தான். "கிண்டலை மனசுல வெச்சுக்காதீங்கக்கா. நான் வர்ற வரைக்கும் பொத்தானை மட்டும் தொட்டுடாதீங்க." நிம்மதியாகப் போய்வா என்றேன்.

மறுநாள், ரசீதில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரும்படி மருத்துவமனையில் கேட்டார்கள். அவசரமில்லை என்றும் சொன்னார்கள். படத்தில் மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கையால் எழுதிய வரி ஒன்று அழியப்போகிறது, தொடரலாமா என்று இயந்திரம் கேட்டது. தொடரலாம் என்றேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அந்த வாரமே ஒரு செவிலி அவசரத்தில் எடையைப் பதிய மறந்தார். திரை காட்டிய அளவு மருந்தை ஏற்றினார். பிள்ளை பிழைக்கவில்லை.

தாடி திரும்பி வந்து என் மேசையருகே நின்று அழுதான். "அந்த வரியைச் சேமிக்காமலே கிளம்பிட்டேன் போலிருக்குக்கா." தண்ணீர் கொடுத்தேன். மனிதர்கள் மறப்பது சகஜம்தானே என்று தேற்றினேன்.

அவனுக்காக நான் இங்கே வரவில்லை. படத்தில் பிழை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். படம் ஒரு பாவமும் அறியாது. வரி அழியும் என்று தெரிந்து அழுத்தியது நான். எடை பதியாத ஒரு பிள்ளை என்றாவது வரும் என்பதும் தெரியும். எந்தப் பிள்ளை என்றுதான் தெரியாது. முகம் தெரியாத பிள்ளைமேல் எனக்கென்ன பகை இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.