பாதிச் சுருளுக்குப் பதினாறு ஆம்பியர்

முதல் தாளில் கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். சலவைக் கடை தீப்பிடித்தது சம்பந்தமாக அன்று போலீஸில் சுருக்கமாகச் சொன்னதை இன்று விவரமாகச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் கடை என் தங்கையின் கணவருடையது. நான் சொன்னதை வைத்துத்தான் அவரை இரண்டு நாளாக உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

கடையின் பின்னறையில் மேசை அகலத்துக்கு ஓர் இஸ்திரி மெஷின் உண்டு. அதைச் சூடாக்குவது உள்ளே இருக்கும் சுருள் கம்பி. போன மாதம் முதல் தேதி நானே அதைச் சோதித்தேன். வோல்டேஜ் 230, ஓடிய கரண்ட் எட்டு ஆம்பியர். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இருபத்தெட்டே முக்கால் ஓம். இரண்டையும் பெருக்கினால் பவர், 1840 வாட். நான் கைவைத்த எந்த மெஷினிலும் இந்த நாலு எண்ணையும் தேதி போட்டு அட்டையில் எழுதி ஒட்டாமல் வரமாட்டேன். நாளைக்கு எவனாவது கெடுத்துவிட்டு என் தலையில் கட்டிவிடக் கூடாதல்லவா. எட்டு ஆம்பியருக்குத் தோதான வயரும், பத்தைத் தாண்டினால் அறுந்துவிடும்படி ஒற்றை இழை பியூஸும் போட்டேன்.

அதன் பிறகு இம்மாதம் பதினொன்றாம் தேதி பகல் இரண்டேகால் மணிக்குத் தங்கை போன் செய்து, கடை எரிகிறது என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் தீயை அணைத்திருந்தார்கள். இஸ்திரி போடும் பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டதால் மைத்துனர் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். வயர் உருகி, பக்கத்தில் இருந்த துணிக்குவியலில் பற்றியிருந்தது. வயர் மட்டம் என்று கூடியிருந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அதன் பிறகு சுருளில் மீட்டர் வைத்தேன். பதினாலரை ஓம்கூட இல்லை. பாதிச் சுருளைக் காணோம். ரெசிஸ்டன்ஸ் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு, அதாவது பதினாறு ஆம்பியர். பவரும் 3680 வாட்டுக்கு ஏறிவிடும். மெஷின் சீக்கிரம் சுடும், வயர் தாங்காது. பியூஸைக் கழற்றிப் பார்த்தால் ஒற்றை இழை இருந்த இடத்தில் இரண்டு இழை முறுக்கிப் போட்டிருந்தது. தானாக நடக்கிற காரியமா இது?

மைத்துனர் மேல் சந்தேகம் வரக் காரணம், சூடு பத்தவில்லை என்று மூன்று மாதமாக அவர்தான் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம், "மெஷினை யாரு தொட்டது மாப்பிள்ளை?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்க்காமல், "விடுங்க மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். ஏதோ மறைக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டி, அதை அதிகாரியிடமும் சொன்னேன்.

அதன் பிறகு நேற்றுக் காலை தங்கை வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளுக்குத் தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "கணக்கு சரிதாண்ணா. யாரு செஞ்சாங்கன்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவும் எழுதிய பிறகு அதிகாரி என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். அது இஸ்திரி போடும் பெண்ணின் போனிலிருந்து பேசிய நம்பர்களின் பட்டியல். பதினொன்றாம் தேதி காலை 11.40க்கு ஒன்று, 11.58க்கு ஒன்று. இரண்டும் என் நம்பர். படித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள்.

அன்று காலை நான் வேறொரு இடத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சுருள் நடுவில் அறுந்துவிட்டது, துணி நிறையக் கிடக்கிறது, முதலாளியும் வெளியே போயிருக்கிறார் என்று அவள் சொன்னாள். "அறுந்த துண்டைக் கழட்டிப் போட்டுட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டும்மா. சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றேன். மறுபடி கூப்பிட்டு, பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்றாள். ரெண்டு இழையா முறுக்கிப் போடு என்றேன். ஒரு நாளைக்கு இப்படிப் பத்து பேர் கேட்பார்கள், எல்லோருக்கும் போனிலேயே சொல்லிவிடுவது வழக்கம். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி என்றிருப்பாள், ஏணியில் நின்றபடியே கணக்குப் போட்டிருப்பேன்.

மறந்ததா, மறைத்ததா என்று அதிகாரி கேட்டார். மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செய்ததாக அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மைத்துனரிடம் சொல்லியிருக்கிறாள். ஆக, இரண்டு நாளும் அவர் தெரிந்தேதான் உள்ளே இருந்திருக்கிறார். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றார் அதிகாரி.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மைத்துனர் மேல் சந்தேகம் என்று நான் சொன்ன பகுதியை அடித்துவிடச் சொன்னேன். சொன்னதை அடிக்க முடியாது என்றார்கள். சரி, மைத்துனர் படிக்கும்போது என் கையெழுத்தோடு அதுவும் இருக்கட்டும். யாரும் மிரட்டாமல், நானே சொன்ன உண்மை இது.

(ஒப்பம்)