பொட்டு வைத்த கப்ளிங்

கையில் டீசல் பட்டால் சோப்புக்குப் போகாது, ஐயா. அரப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும். நேற்றிலிருந்து என்னைக் கை கழுவ விடவில்லை நீங்கள். அதனால்தான் இந்த அறையில் இந்த வாடை.

எனக்குச் சூளகிரியில் லேத் பட்டறை. சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டினேன். அனுமதியைப் பறந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதில் பழைய காரின் டீசல் எஞ்சினை வைத்தது என் யோசனை. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும், பொறிக்கு மின்சாரம் வேண்டும், ஒரு ஒயர் கழன்றால் வானத்திலேயே நின்றுவிடும். டீசலுக்கு அந்தச் செல்லமெல்லாம் கிடையாது. எண்ணெய் வருகிறவரை ஓடும். கனம் அதிகம், ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி மாதிரி விமானத்தை இழுக்கும் விசிறியில் இறங்கும், அவ்வளவுதான். அந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே ரப்பர் கப்ளிங் போட்டிருந்தேன்.

ஓட்ட வந்தவன் சுபாஷ், என் மனைவி மாதேஸ்வரியின் தம்பி. பெங்களூரில் விமானம் ஓட்டப் படித்தவன். கூடவே சிரிக்கவும் படித்திருந்தான். முதல் தடவை எஞ்சினை முடுக்கியபோது, "மாமா, இது பறக்குமா, ராகி அரைக்குமா?" என்றான். அடுத்த தடவை, "சானமாவு காட்டுல யானை வெரட்ட இத வாடகைக்கு உடலாம் மாமா" என்றான். மாதேஸ்வரியும் சிரித்தாள். எனக்குச் சோறு போடும்போதுகூட நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஆயுத பூஜைக் காலையில் விமானத்தைத் துடைக்கும்போது கப்ளிங் ரப்பரில் விரிசலைப் பார்த்தேன். விரல் நகம் உள்ளே இறங்கியது. புது கப்ளிங் பீரோவில் பிரிக்காமல் இருந்தது. மாற்ற அரை நாள் போதும். ஆனால் ஸ்பானர்களெல்லாம் சாமி முன்னால் இருந்தன. பூஜையில் வைத்ததை இடையில் எடுக்கக் கூடாது. உங்கள் ஸ்டேஷனிலும் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததில்லை.

மறுநாள் விஜயதசமிக்குப் பறக்கும் என்று ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது. ஒன்றியக் கவுன்சிலர் வருகிறார். நிறுத்தினால் சுபாஷ் என்ன சொல்லிச் சிரிப்பான் என்பதும் தெரியும். அதனால் விரிசல் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். தனியாகத் தெரியக் கூடாது என்று எஞ்சின் முழுக்க வைத்தேன். வந்தவர்கள் என் பக்தியைப் பாராட்டினார்கள்.

ஓடுபாதை என்பது மனை விற்காத ஒரு லேஅவுட்டின் தார்ச்சாலை. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஏறுமுன் சுபாஷ் சிரிக்காமல் ஒன்று கேட்டான்.

"கப்ளிங் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்டா."

அதில் பொய்யில்லை, ஐயா. பார்த்திருந்தேன்.

ஒரு சுற்று தாங்கும், இரண்டாவது தாங்காது என்பது என் கணிப்பு. ஒரே சுற்றில் இறங்கிவிடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். முதல் சுற்றில் எங்கள் தலைக்கு மேலே வந்து கட்டைவிரலைக் காட்டினான். அன்றுதான் முதல் தடவையாக அவனை எனக்குப் பிடித்தது. அப்போதாவது கையாட்டி இறக்கியிருக்கலாம். கவுன்சிலர் கைதட்டிக்கொண்டிருந்தார். நானும் தட்டினேன்.

இரண்டாவது சுற்றில், மாந்தோப்புக்கு மேலே, ரப்பர் கிழிந்தது. விசிறி ஓய்ந்துவிட்டது. மூக்கில் இருந்த எஞ்சின் கனத்தில் அவனால் லேஅவுட் வரை இழுத்துவர முடியவில்லை. மரங்களுக்குள் விழுந்தான்.

எல்லோரும் ஓடினோம். மாதேஸ்வரி செருப்பில்லாமல் ஓடினாள். சுபாஷுக்கு அப்போது உயிர் இருந்ததாம். "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டானாம். நான் எஞ்சின் பக்கம் நின்றிருந்தேன். அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆமாம், உடையும் என்று தெரிந்தே அவனை ஏற்றி அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். ஆனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். இறக்கை பிய்ந்து, விசிறி மண்ணில் புதைந்து, ஓட்டியவன் கண் மூடிய பிறகும் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நானே போய் எண்ணெயை நிறுத்தும்வரை நிற்கவில்லை. டீசலைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இதை மாதேஸ்வரியிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. இனி அவள் சிரிக்க மாட்டாள்.