ஏழாவது குழி

ஓடுகிறேன். கரைச் சேறு காலை வாருகிறது. பின்னால் லாரி உறுமுகிறது. பட், பட், பட். துப்பாக்கி என்றுதான் முதலில் நினைத்தேன். துப்பாக்கி இல்லை. எங்கள் தெருக் கூரைகளின் மூங்கில் தீயில் வெடிக்கிற சத்தம்.

"யாரும் திரும்பாதீங்க! வாய்க்காலத் தாண்டி ஓடுங்க! திரும்பாதீங்க!"

கத்துகிறவர் என் மாமனார் ஞானமுத்து. தெரு ஜெபக்கூடத்தின் உபதேசியார். நான் திரும்பவில்லை. எட்டு மாதப் பிள்ளையை வீட்டில் தூளியில் போட்டுவிட்டு வந்தவள் நான். திரும்பவில்லை. இந்த வரியை இதற்கு முன் எத்தனையோ முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

தை மாதம். வியாழக்கிழமை. திருவாரூர் ரயில் கூவிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. காலை பத்தே முக்கால் இருக்கும். எங்கள் தெருவில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. ரயில்தான் கடிகாரம்.

கோட்டையில் ஆட்சி மாறிய பிறகு வந்த இரண்டாவது சம்பா அறுவடை. மாறியது கோட்டையில்தான். எங்கள் மிராசுதார் காதில் அந்தச் சேதி விழுந்ததாகவே தெரியவில்லை. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டோம். வெளியூர் ஆட்களை இறக்கினார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தோம். நடக்க முடிந்த எல்லோரும் வயலில்தான் இருந்தோம். என் புருஷன் தேவராஜ் மட்டும் இல்லை. செங்கொடி பிடித்தான் என்று ஒரு வாரம் முன்பே போலீஸ் கொண்டுபோய்விட்டது.

தெருவில் மிச்சம் இருந்தவர்கள் நடக்க முடியாதவர்கள். என் மாமியார் எஸ்தருக்கு யானைக்கால். என் மகள் சந்தோஷத்தை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். அடி விழுந்தால் வயலில்தான் விழும், தெருவில் கிழடு கட்டைகளை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நினைத்தோம். அவ்வளவுதான் எங்கள் புத்தி.

லாரி இரண்டு வந்தன. ஒன்று வயலுக்கு வந்தது. மற்றது குளத்தடியில் திரும்பித் தெருவுக்குள் போனது. திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் தடி, அரிவாள், கல். பிறகு புகை.

ஏன் திரும்பவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். டிசம்பர் மாத ஞாயிறுகளில் மாமா ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றித்தான் பிரசங்கம் செய்வார். அந்த நாளில் வயலில் இருக்கிறவன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, வஸ்திரம் எடுக்கக்கூடத் திரும்பக் கூடாது, திரும்பியவன் கெட்டான். ஓங்கிய குரலில், கையை வீசிச் சொல்லுவார். தெருவே மனப்பாடம். புகையைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் கேட்டது. நாற்பது பேரும் ஒருசேர வாய்க்காலில் இறங்கினோம். வானத்தைப் பார்த்தவர்களும் உண்டு. நானும் பார்த்தேன். இரண்டு கொக்கு பறந்தது.

அக்கரையில் கோரைக்குள் பதுங்கினோம். கழுத்தளவு கோரை. பால் கட்டி என் ரவிக்கை நனைந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எழுந்தேன். மாமா தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் கையைக் கடித்தேன். விடவில்லை. அவருடைய பெண்டாட்டியும் அந்த வீட்டில்தான் இருந்தார். மாமா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே என்னை அழுத்திக்கொண்டிருந்தார். அவரை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். திட்டுகிற பாத்தியதை எனக்கு மட்டும்தான்.

லாரி ஹாரன் மூன்று முறை அடித்தது. ஆட்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். ஒருவன் பெயரை நாலைந்து தடவை கூப்பிட்டார்கள். தூரம், பெயர் பிடிபடவில்லை. பிறகு இரண்டு லாரியும் போய்விட்டன.

உச்சி சாய்ந்து திரும்பினோம். பதினொரு வீடுகளும் கிடையாது. ஜெபக்கூடம் மட்டும் ஓட்டுக் கூரை, நின்றது. எங்கள் வீட்டு வாசற்படியில் ஒருவன் குப்புறக் கிடந்தான். முதுகின்மேல் எரிந்த விட்டம். எங்கள் ஆள் இல்லை. கையில் மண்ணெண்ணெய் நாற்றம். அந்தக் கைக்குள் தூளிச் சேலையின் ஒரு கிழிசல். உள்ளே மாமியார் இருந்தார். அவர் கிடந்த கோலத்தை நான் சொல்லமாட்டேன்.

சாம்பலைக் கையால் கிளறினேன். கொதித்தது. பிள்ளை இல்லை. கிளறினேன். அப்போது வீட்டுக்குப் பின்னால், பூவரசமரத்தடியில், எருக்குழி ஓரத்திலிருந்து அழுகுரல். சந்தோஷம். சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் சுற்றியிருந்தது. துண்டில் டீசல் வாடை, சாராய வாடை. இடது பாதம் மட்டும் வெந்திருந்தது. அந்த எருக்குழியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

சேலை திருட நுழைந்த நாய், கூரை விழுந்து செத்தான் என்றார்கள் தெரு ஆண்கள். நைந்துபோன தூளிச் சேலையை எவன் திருடுவான்? பிள்ளை எப்படிப் பின்பக்கம் போனது? மாமியாரால் ஓரடி நகர முடியாது. எனக்கு எல்லாம் விளங்கியது. பிள்ளையை வெளியே வைத்துவிட்டு, கிழவியையும் இழுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், அவன் போனான், பெற்றவள் போகவில்லை என்று ஆகிவிடும்.

ஏழு உடல்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழும் திரும்பி வந்தன. ஏழாவது உடலை, 'எங்க ஆளே இல்லை' என்று மிராசுதார் பக்கம் சொல்லிவிட்டதாம். போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார்.

"இங்க எறக்குங்க," என்றார் மாமா.

தெரு கொதித்தது. "உபதேசியாரே! நம்ம சனத்தக் கொளுத்துனவன் அவன்!"

"ஆண்டவருக்கு நீடிய பொறுமை. ஒருத்தனும் கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் வராம தாமதிக்கிறாரு. இவனுக்காகவும்தான்."

நான் ஒரு கை மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தேன். "அத்தைக்காகச் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா மாமா?"

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ஏழாவது குழியை அவர் ஒருவராகவே வெட்டினார். யாரும் கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கொளுத்திய வழக்கில், குற்றம் நிரூபணமாகவில்லை என்று கோர்ட்டில் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். மிராசுதார் வயதாகிக் கட்டிலில் செத்தார். மாமா சாகும்வரை ஒவ்வொரு டிசம்பரிலும் வருகையைப் பற்றிப் பேசினார். வயலில் இருக்கிறவன் திரும்பக் கூடாது என்கிற வசனத்தை மட்டும் வாசிக்கவே இல்லை.

இன்றும் டிசம்பர் வந்தால் கோயிலில் 'ஆண்டவரே வாரும்' என்று பாடுகிறார்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன். எனக்குப் பயம். அவர் வந்தால் முதல் கேள்வி என்னிடம்தான். தாமதிக்கட்டும். இன்னும் தாமதிக்கட்டும்.

இழந்தவை. வீடு பதினொன்று. ஆடு ஆறு. விதைநெல் எல்லாம்.

இழந்தவர்கள். எஸ்தர், ஐம்பத்தெட்டு வயது. பார்வை இல்லாத மோசே, எழுபது. மோசேயின் மனைவி ராகேல். பிரசவமாகி நாலு நாளான லேயாள். லேயாளின் பிள்ளை, பெயர் வைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த யாக்கோபு, இருபத்திரண்டு.

தெருவில் வைத்த நினைவுக் கல்வெட்டில் இந்த ஆறுதான். வருடா வருடம் நினைவு ஊர்வலத்தில் வாசிப்பதும் ஆறுதான். என் சாட்சியத்தில் ஏழு. ஏழாவது ஆளின் பெயர் தெரியாது. வயது முப்பது இருக்கலாம். வலது புருவத்தில் தழும்பு.

சந்தோஷம் இதைப் படிப்பாள். அவளுக்கும் பேரப்பிள்ளை வந்தாயிற்று. வெந்த பாதத்தைக் காட்டிச் சின்ன வயதில் கேட்பாள். நெருப்புக்குள் புகுந்து உன்னைத் தூக்கியது நான்தான் என்று சொன்னேன். ஐம்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.