யானை இடிச்ச கேட்டு

திம்மராயன்: ...அதுக்கில்ல பாய், அந்தப் பம்பர் மட்டும் கார விட்டுப் போனாப் போதும். உச்சிப் பொழுதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்.

ஷௌகத் அலி: நானும் காலையில இருந்து அதோடதானே மல்லுக்கட்டுறேன். நட்டு நாலும் துருவேறி ஒட்டிக்கிச்சு. எலுமிச்சம்பழம் எத்தன நாளாக் கட்டுறீங்கண்ணா?

திம்மராயன்: வெள்ளிக்கு வெள்ளி. திருஷ்டிக்கு. காரு வாங்கி மூணு வருசமாச்சு.

ஷௌகத் அலி: கட்டுனாப் பரவால்ல. நட்டு மேலயே பிழிஞ்சு, உப்பு வேற தடவியிருக்கீங்க. திருஷ்டி போச்சோ இல்லையோ, நட்டோட மரை பூரா அரிச்சுப் போச்சு.

திம்மராயன்: சீமெண்ணெய ஊத்து.

ஷௌகத் அலி: அரைப்படி குடிச்சிருச்சு.

திம்மராயன்: அப்பத் தீயக் காட்டு. சூடானாக் கழண்டுரும்ல?

ஷௌகத் அலி: காட்டலாம்... கீழ படுத்திருக்குறவருக்குச் சுடுமே.

திம்மராயன்: கீழ யாரு? நான் காப்பி குடிக்கப் போறப்ப பட்டறையில யாரும் இல்லையே.

ஷௌகத் அலி: ஆஞ்சப்பன்னு... புது ஆளு. கீழருந்து ஒருத்தர் போல்ட்டுத் தலையப் புடிச்சாத்தான் மேல நட்டு சுத்தும். பாவம், காது கேக்காது.

திம்மராயன்: கேக்காதா? அப்பச் சரி. உன்கிட்ட சொல்றதுக்கென்ன... மத்தியானம் பெருமாள் தாம்பூலம் மாத்த வர்றாரு. அவரு பையனுக்குத்தான் நம்ம பொண்ணு சம்பங்கி. இந்தப் பம்பர் அவரு கண்ணுல படக் கூடாது.

ஷௌகத் அலி: ஏங்கண்ணா, மாட்டு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவ அடிச்சு, சானமாவு காட்டு யானையே வந்தாலும் தாங்கணும்னு நீங்களே சொல்லிச் செஞ்சது.

திம்மராயன்: அது கனத்துக்குப் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது.

ஷௌகத் அலி: மூணு வருசமா குடிக்காதது இன்னைக்கா குடிக்குது? அது கெடக்கட்டும், இந்த மூலையில என்ன பச்சையா?

திம்மராயன்: மாமரத்துல லேசா...

ஷௌகத் அலி: மாமரத்துக்கு யாருங்க பெயிண்ட் அடிச்சது?

திம்மராயன்: நீ நட்டப் பாரு பாய்.

ஷௌகத் அலி: பெருமாள் அண்ணன் வீட்டு கேட்டு கூடப் பச்சதான். விடியக்காலம் யானை வந்து சாச்சுட்டுப் போயிருச்சாம். சூளகிரி பூரா அதே பேச்சு.

திம்மராயன்: ஆமா ஆமா, யானையேதான். சாணி கூடக் கெடந்துச்சு.

ஷௌகத் அலி: நீங்க பாத்தீங்களா?

திம்மராயன்: ...சொன்னாங்க.

ஷௌகத் அலி: அவரு வீட்டுக்காரம்மா வெங்கடம்மா அக்கா, கேட்டு முன்னால பொங்கல் வச்சு யானையக் கும்பிட்டாங்களாம். அண்ணன் என்ன சொன்னாருன்னா, இடிச்சது மனுசனா இருந்தா அவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னுட்டாராம்.

திம்மராயன்: அதுக்குத்தான் பாய் இதக் கழட்டச் சொல்றேன். சம்பங்கி அந்தப் பையன்தான்னு உக்காந்திருக்கா. ஒரு கேட்டால கல்யாணம் நின்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

ஷௌகத் அலி: அப்ப யானை...

திம்மராயன்: யானையும் இல்ல, பூனையும் இல்ல. டிரைவர் வரல, தாம்பூலத்துக்கு வெத்தல வாங்க நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். பிரேக்குன்னு நெனச்சுப் பக்கத்துல இருந்தத மிதிச்சுட்டேன். ஊரு முழிக்கிறதுக்குள்ள சானமாவு போயி ஒரு மூட்ட யானைச் சாணி அள்ளியாந்து போட்டேன்.

ஷௌகத் அலி: அதுக்கு நேரா போயி ஒத்துக்கிட்டிருக்கலாமேண்ணா.

திம்மராயன்: யாருகிட்ட? அந்த மனுசன் கேட்டுக்குத் தேய்க்கிற எண்ணெய, பெத்த புள்ள தலைக்குத் தேய்ச்சிருக்க மாட்டாரு... ஏன் பாய், கீழருந்து மூணு தட்டு தட்டுறான்?

ஷௌகத் அலி: கை நழுவியிருக்கும். அசையாதீங்க, நட்டு திரும்புது...

திம்மராயன்: காது கேக்காதுன்னு உனக்கு நல்லாத் தெரியுமா?

ஷௌகத் அலி: அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க காப்பிக்குப் போனப்ப, கேட்டுக் கீல் சரி பண்ணணும்னு வந்தாரு. பம்பர்ல பச்சையப் பாத்தாரு. அவராவே ஸ்பேனர வாங்கிக்கிட்டுக் கீழ படுத்துட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?

திம்மராயன்: எந்தக் கேட்டு... பாய், யாரு அது?

பெருமாள்: போல்ட்டு வந்துருச்சு சம்பந்தி. இந்தப் பட்டாவ எங்க கேட்டுக்குக் குறுக்கப் போட்டுக்கறேன். யானைக்குப் படச்ச பொங்கல் அப்படியே இருக்குது. மொதல்ல நீங்க வந்து அதத் தின்னுட்டுப் போங்க, மத்தியானம் உங்க வீட்டுல நான் கை நனைக்கறேன்.