முன்சக்கரத்துக் காற்று

— சத்தியமாச் சொல்றேன் குட்டிம்மா, இந்த வாயிலிருந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். நான் அந்த வண்டியில ஏறினதே இல்லை. உங்கம்மா மேல சத்தியம்.

— அம்மா மேல ஏன் பண்றீங்க? உங்க மேலயே பண்ணுங்கப்பா.

— என் மேல பண்ணிப் பண்ணித் தேஞ்சு போச்சு. புதுசா ஒரு ஆள் வேணும்ல.

— அடுப்படியில நிக்கிறவளுக்கும் காது கேக்கும். என் மேல சத்தியம் பண்றதுன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க.

— நீ சும்மா இரும்மா, நான் அப்பாகிட்டப் பேசிக்கிறேன். அப்பா, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த மலைச் சைக்கிள் யாரோடது?

— உன் வீட்டுக்காரரோடது. மலைப்பாதையில ஓட்டித் தள்ளப்போறேன்னு வாங்கினார். ரெண்டு தரம் ஓட்டினார், இருபது தரம் போட்டோ எடுத்தார், உங்க ஃபிளாட்டுல இடமில்லைன்னு நம்ம ஸ்டோர் ரூம்ல கொண்டு வந்து மாட்டிட்டுப் போனார். நான் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கிறேன். வெறும் பராமரிப்பு.

— சுவத்துல தொங்குற வண்டிக்கு என்னப்பா பராமரிப்பு?

— அப்படிக் கேளு. இது டியூப்லெஸ் டயரு. உள்ளே டியூப் கிடையாது, பால் மாதிரி சீலண்ட்தான் இருக்கு. முள்ளு குத்தினா அது ஓடிப்போய் ஓட்டையை அடைச்சிடும். சும்மா தொங்கவிட்டேன்னு வையி, அந்தப் பாலு அடியில தேங்கி, தயிராகி, கடைசியில ரப்பர் கட்டியாயிடும். அதனால சக்கரத்தை அப்பப்போ சுத்தி விடணும். காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பார்க்கணும். சளக் சளக்னா உள்ளே பால் இருக்கு. சத்தம் வரலேன்னா வால்வைக் கழட்டி ஊசியால ஏத்தணும்.

— ஃபிரிட்ஜ் மேல இருந்த சிரிஞ்சு அதுக்குத்தானா? அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.

— உங்கம்மாவுக்கு ஏறினது கோபம். குளியலறைச் சுவரைப் பார்த்ததுலேருந்து.

— அதைத்தான் அடுத்துக் கேக்கப்போறேன். சுவரு பூராவும் வெள்ளைப் புள்ளி. மேல கூரையில, ஷவர்ல, என் பழைய துண்டுல. என்ன நடந்தது?

— அது பெரிய கதை.

— சின்னதாச் சொல்லுங்க.

— சின்னதாச் சொன்னா பொய்யாயிடும். கேளு. முன்சக்கரத்துல பால் மாத்தினேன். புதுப் பாலை ஊத்தி, டயரை ரிம்முக்குள்ள தள்ளி, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவி, பம்பை வச்சு அடிச்சேன். இந்த டயரு ரிம்முல போய் உக்காரும்போது டப்புன்னு ஒரு சத்தம் வரும். வரணும். வரலேன்னா உக்காரலைன்னு அர்த்தம். நான் அடிக்கிறேன், அடிக்கிறேன், வரவே இல்லை. அப்புறம் வந்தது பாரு ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் காது மெஷினைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டார்.

— ஏன்?

— இனிமே தேவையில்லைன்னு. காது சரியாயிடுச்சு.

— அப்பா.

— அந்த வேகத்துல சக்கரம் என் கையை உதறிட்டு, ஜன்னல் வழியா வெளியே போச்சு. போனது போனதுதான். சரிவுல உருண்டு, தண்ணித் தொட்டியைத் தாண்டி, காட்டுக்குள்ள நுழைஞ்சு, ஒரு சுத்து சுத்திட்டுத் தானா வீட்டுக்கு வந்தது.

— வந்து கதவைத் தட்டுச்சாக்கும்.

— தட்டலை. இடிச்சது. நடந்ததைத்தானே சொல்லணும்?

— ஓ. அதனாலதான் டயர்ல முள்ளும் மண்ணுமா இருக்கு.

— நீயே சொல்லிட்டே. கெட்டிக்காரி.

— சரி. முன்சக்கரம் ஓடிப்போச்சு. பின்சக்கரத்துல எப்படி முள்ளு வந்தது?

— முன்சக்கரத்தைத் தேடிட்டு வரச்சொல்லி அதைத்தானே அனுப்பினேன்.

— சிரிக்காதேம்மா அங்கே! எனக்குக் கேக்குது. அப்பா, நான் வேலை பார்க்கிறதே விபத்து கிளெய்ம் பிரிவுல. தினம் பத்துப் பேரு என் எதிர்ல உக்காந்து, லாரி தானா நகர்ந்தது, சுவரு தானா வந்து இடிச்சதுன்னு சொல்வாங்க. உங்களை மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஒருத்தரும் சொன்னதில்லை.

— அவங்களுக்கெல்லாம் அனுபவம் போதாது.

— விளையாட்டுக்குச் சொல்லலைப்பா. போன வருஷம்தான் அம்மா மாடிப்படியில வழுக்கி மணிக்கட்டை ஒடச்சுக்கிட்டா. பிளேட் வச்சிருக்கு. இன்னொரு எலும்பு ஒடஞ்சா நான் என்ன பண்ணுவேன்? வேலையை விட்டுட்டு ஓடி வர முடியுமா? கார்ல வண்டி மாட்டுற ரேக்கோடதான் வந்திருக்கேன். யாராவது ஓட்டுறீங்கன்னு தெரிஞ்சது, வண்டி இன்னிக்கே என்கூட வரும். அதுக்கப்புறமும் யாராவது விழுந்தீங்கன்னா ரெண்டு பேரும் என் ஃபிளாட்டுக்கு வந்துடணும். பதினாலாவது மாடி. பால்கனியில உக்காந்து பக்கத்துப் பில்டிங்கைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்.

— தண்டனையை இவ்வளவு அழகாச் சொல்ற ஆளை நான் பார்த்ததில்லை.

— பின்சக்கரத்துல மூணு ஸ்போக் புதுசு. மத்ததெல்லாம் மங்கலா இருக்கு, அது மட்டும் பளபளன்னு மின்னுது. அதுக்கு என்ன கதை?

— ஸ்போக்கை விரலால தட்டிப் பார்க்கணும். எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம் கொடுக்கணும். ஒண்ணு மட்டும் தொய்வாச் சத்தம் கொடுத்தா சக்கரம் பெண்டாகப் போகுதுன்னு அர்த்தம். மூணு ஸ்போக் சரியாச் சத்தம் கொடுக்கலை, மாத்தினேன். ஃபிரேம்ல ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி, சக்கரத்தைச் சுத்திவிட்டு, எங்கே உரசுதுன்னு பார்த்துப் பார்த்து பெண்டு எடுத்தேன். இப்ப சுத்திப் பாரு, தலைமுடி நுழையாது.

— நல்லா இருக்கு. நான் சுத்திப் பார்த்தேன். ஆனா சும்மா தொங்கிக்கிட்டிருக்கிற சக்கரம் எப்படிப்பா பெண்டாகும்?

— வருத்தத்துல.

— சீட்டு இறங்கியிருக்கு.

— அதுவும் வருத்தத்துல.

— கேலி பண்ணாதீங்க. எங்க வீட்டுக்காரர் வச்ச உயரத்துக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கு. நீங்க அவரைவிட உயரம். உங்களுக்குன்னா சீட்டு ஏறணுமே ஒழிய இறங்காது. அப்ப வேற யாரோ... அம்மா, இங்கே வா கொஞ்சம்.

— அடுப்புல பால் இருக்குடி.

— அணைச்சுட்டு வா. முழங்கையில என்னது?

— சுட்டுக்கிட்டேன்.

— சுட்டா கொப்புளம் வரும். இது சிராய்ப்பு. உள்ளே மண்ணு இருக்கு.

— அடுப்புல மண்ணு இருந்திருக்கும்.

— அம்மா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு...

— சரி! போதும்! ஒத்துக்கிறேன். நான்தான்.

— என்னது நீங்கதான்?

— நான்தான் ஓட்டுறேன். அவளை விடு. இந்தப் போலீஸ் விசாரணையை என்னால தாங்க முடியலை. தினம் காலையில, நீயெல்லாம் தூங்கிக்கிட்டிருக்கும்போது, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.

— இவ்வளவு நேரம் ஏறினதே இல்லைன்னீங்க.

— அப்பச் சொன்னது அப்ப நிஜம். இப்பச் சொல்றது இப்ப நிஜம். சீட்டை ஏன் இறக்கினேன்னு கேளு. செங்குத்தா இறங்கும்போது சீட்டு நெஞ்சுல இடிக்கும். இறக்கி வச்சாதான் உடம்பைப் பின்னால தள்ள முடியும். உன் வீட்டுக்காரருக்கு அது தெரியாது, அவர் போட்டோவுக்கு ஓட்டினவர். நான் போனேன் பாரு போன வாரம், தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு இறக்கம், கண்ணை மூடிக்கிட்டு விட்டேன். நடுவுல ஒரு பெரிய பள்ளம். குதிச்சேன். மேலே போகும்போது ஒரு பறவை என் பக்கத்துல வந்துக்கிட்டிருந்தது. நான் இறங்கினேன், அது இன்னும் இறங்கலை. இறங்கினதும் வண்டியை இடது பக்கமா ஒடிச்சேன்...

— வலது பக்கம்ங்க. இடது பக்கம் பாறை.

— உனக்கு எப்படிம்மா தெரியும்?

— நான்தான் தினம் வந்து சொல்றேனே இவகிட்ட! கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. நான் இடதுன்னு தப்பாச் சொல்லிட்டேன். பாறை மேல ஏறி அப்புறம் வலது.

— நிஜமாவே நீங்கதானா அப்பா? அந்த உடம்பை வச்சுக்கிட்டு?

— பாரு, நான் ஒரு ஒப்பந்தம் சொல்றேன். இனிமே அந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன். என் ஆயுசு உள்ளவரைக்கும். எங்கே வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீ வண்டியை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போ. சக்கரத்தைப் பார்த்துக்கிறது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதை மட்டும் பிடுங்கிடாதே.

— இவ்வளவு சுலபமா விட்டுடுறீங்களா?

— பெத்த பொண்ணு கேக்குறா. விடாம?

— சரி... யோசிச்சுச் சொல்றேன். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது.

— உறுத்தட்டும், சாப்பிட்டா போயிடும். ஏம்மா, தட்டை எடு.

— இருங்க. முன்சக்கரத்துல மீட்டர் வச்சுக் காத்தைப் பார்த்தேன். பதினெட்டு பாயிண்ட்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் எழுபது கிலோ, அவரே இருபத்தஞ்சுக்குக் குறைய வைக்க மாட்டார். எடை ஏற ஏறக் காத்தும் ஏறணும்னு எனக்கு அவர் பாடம் எடுத்ததுல பாதி ஞாயித்துக்கிழமை போச்சு. நீங்க எவ்வளவு இருப்பீங்க?

— சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— தொண்ணூறு. இந்தக் காத்துல நீங்க ஏறி ஒரு கல்லு மேல விட்டீங்கன்னா டயரு நசுங்கி ரிம்மு நேரா கல்லுல இடிக்கும். நான் ரிம்மைத் தடவிப் பார்த்தேன். ஒரு சின்ன நசுங்கல்கூட இல்லை. ஐம்பது கிலோவுக்கு மேல ஏறவே இல்லைப்பா அந்த வண்டியில. யாருக்கோ தரையில பிடிப்பு நல்லா இருக்கணும், வழுக்கக் கூடாது, குலுங்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து காத்து வச்சிருக்கீங்க.

— நான் உக்கார மாட்டேன் குட்டிம்மா. நின்னுக்கிட்டேதான் ஓட்டுவேன். நின்னா எடை பூராவும் பெடல்லதானே போகும்? சக்கரத்துக்கு வராது.

— பெடல் எதுல இருக்கு?

— ...வண்டியில.

— வண்டி எது மேல இருக்கு?

— இந்தக் கேள்வியெல்லாம் ஆபீஸ்லயே விட்டுட்டு வரக்கூடாதா நீ?

— எந்திரிங்க. வாசலுக்கு வாங்க. கேட்லேருந்து அந்தக் கம்பம் வரைக்கும். ஒரு தரம் ஓட்டிக் காட்டுங்க, நான் நம்பிடுறேன். வண்டியும் இங்கேயே இருக்கட்டும்.

— இப்பவா? சாப்பிட்டுட்டு உடனே ஓட்டக்கூடாதும்மா.

— இன்னும் சாப்பிடவே இல்லை.

— வெறும் வயித்துல அதைவிடக் கூடாது.

— அப்பா, கம்பம் வரைக்கும்தான். பள்ளம் இல்லை, பாறை இல்லை. பறவையைத் துணைக்குக் கூப்பிடட்டுமா?

— வேட்டியோட எப்படி ஓட்டுறது?

— பேண்ட் எடுத்துட்டு வர்றேன்.

— கண்ணாடி எங்கேன்னு தெரியலை.

— மூக்கு மேல இருக்கு. அம்மா, நீ ஏன் செருப்பைக் கழட்டிட்டு ஷூ போடுற? எங்கே போறே? அம்மா! வண்டியை ஏன் இறக்குறே? உன் கையில பிளேட் இருக்கு!

— நகரு. கம்பம் வரைக்கும் என்ன, தண்ணித் தொட்டி வரைக்கும் போய்ட்டு வர்றேன், நின்னு பாரு. அந்த மனுசனை விட்டுடுடி, பாவம். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.